புட்டியின் அலங்காரமும் நம் பிள்ளைகளின் கண்களும்

(சின்ன காஞ்சிபுரத்தில் நிகழ்த்தப்பட்ட ஜும்ஆ உரையின் எழுத்து வடிவம்)

எல்லாப் புகழும் அகிலங்களைப் படைத்துப் பரிபாலிக்கும் அல்லாஹ் ஒருவனுக்கே உரியது. அவனுடைய அருளும் சாந்தியும் நம் உயிரினும் மேலான நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களுடைய குடும்பத்தார், தோழர்கள், அவர்களின் வழி நடந்த நல்லடியார்கள் அனைவர் மீதும் நிலவட்டுமாக! ஆமீன்.

கண்ணியத்திற்குரிய பெரியோர்களே! அருமைச் சகோதரர்களே! அல்லாஹ்வை அஞ்சி வாழுமாறு முதலில் எனக்கும், பின்னர் உங்களுக்கும் உபதேசம் செய்து கொள்கிறேன்.

இன்று மதுவைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் உங்களில் பலருடைய உள்ளத்தில் ஓர் எண்ணம் எழக்கூடும். "ஹஜ்ரத், இங்கே அமர்ந்திருப்பவர்களில் பெரும்பாலோர் அதைக் கையாலும் தொடாதவர்கள் ஆயிற்றே! குடிப்பவன் பள்ளிக்கு வருவதில்லை, வருபவன் குடிப்பதில்லை. பிறகு இந்தப் பேச்சு யாருக்காக?" என்று நினைக்கலாம். நியாயமான கேள்விதான். இன்றைய பேச்சு குடிப்பவருக்கானதன்று. குடிக்காத உங்களுக்காகவும், உங்கள் இல்லங்களில் வளரும் பிள்ளைகளுக்காகவும் உரியது. ஏனெனில் மதுவை விற்பவர்களின் பார்வை இன்று குடிக்காதவர் மீதுதான் பதிந்திருக்கிறது.

அலங்காரம் யாருக்காக?

மதுபானக் கடையின் இரும்புக் கம்பிகளுக்குப் பின்னால் அடுக்கி வைக்கப்பட்டிருக்கும் புட்டிகளைச் சாலையில் போகும்போது கண்டிருப்பீர்கள். பொன்னிறத் தாள் ஒட்டிய கழுத்து, அரச முத்திரை போன்ற சின்னம், சிங்கம், மான், குதிரை, கிரீடம், நறுமணத் தைலக் குப்பியைப் போன்ற வடிவம். பண்டிகைக் காலமானால் அதற்கென்று தனியாக ஓர் அட்டைப் பெட்டி. அதனுள் இரண்டு கண்ணாடிக் குவளைகள் இலவசம். கல்யாணப் பட்டுப் புடவைக்குக்கூட இத்தனை அழகான பெட்டி கிடைப்பதில்லை.

இந்த அலங்காரம் யாருக்காகச் செய்யப்படுகிறது? குடிக்கு அடிமையாகிவிட்டவனுக்காகவா? நிச்சயமாக இல்லை. 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில் நடந்த துயரத்தை நாம் மறந்துவிடவில்லை. மெத்தனால் கலந்த சாராயத்தை அருந்தி அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அதற்கு முந்தைய ஆண்டு, 2023 மே மாதத்தில், மரக்காணத்திலும் நம் பக்கத்துச் செங்கல்பட்டு மாவட்டத்திலும் இருபதுக்கும் மேற்பட்டோர் இதே போன்று மடிந்தார்கள். கள்ளக்குறிச்சியில் அந்தச் சாராயம் வந்தது பெயரில்லாத பிளாஸ்டிக் பைகளில். அதில் முத்திரையும் இல்லை. பொன்னிறத் தாளும் இல்லை. ஆயினும் மக்கள் குடித்தார்கள், குடித்து இறந்தார்கள்.

இதிலிருந்து நாம் விளங்க வேண்டியது என்ன? குடிக்குப் பழகியவன் உறையைப் பார்ப்பதில்லை. பளபளக்கும் புட்டியும் கிழிந்த பையும் அவனுக்கு ஒன்றே. அப்படியானால் கோடிக்கணக்கில் செலவிட்டு உறையை அழகுபடுத்துவதன் நோக்கம், இன்னும் குடிக்காத ஒருவனை அருகே அழைப்பதுதான். பதினேழு வயது மாணவன் அதைப் பார்க்க வேண்டும். முதல் சம்பளம் வாங்கிய இளைஞன் அதைப் பார்க்க வேண்டும். "இது கெட்டவர்கள் தொடும் பொருளல்ல, வெற்றி பெற்றவர்களின் அடையாளம்" என்று அவன் உள்ளம் சொல்ல வேண்டும். அவ்வளவுதான், மற்றதைப் போதை பார்த்துக் கொள்ளும்.

ஷைத்தானின் பழைய தொழில்

சகோதரர்களே! இந்தத் தொழில் புதியதன்று. அல்ஹிஜ்ர் அத்தியாயத்தின் 39ஆம் வசனத்தில், இறையருளிலிருந்து விரட்டப்பட்ட இப்லீஸ் இட்ட சபதத்தை அல்லாஹ் நமக்கு அறிவித்துத் தருகிறான். மனிதர்களுக்குப் பூமியிலுள்ளவற்றை அழகாக்கிக் காட்டி அவர்களை வழி கெடுப்பேன் என்பதே அந்தச் சபதத்தின் சாரம். கவனியுங்கள்! வலுக்கட்டாயமாக இழுத்துச் செல்வேன் என்று அவன் சூளுரைக்கவில்லை. அழகாக்கிக் காட்டுவேன் என்றுதான் சொன்னான். பாவத்தைப் பாவமாகக் காட்டினால் மனிதன் அஞ்சி ஓடுவான் என்பது அவனுக்குத் தெரியும்.

அழகாக்குவதன் இன்னொரு வகை, பெயரை மாற்றுவது. தம் சமுதாயத்தில் சிலர் மதுவை அதன் பெயரல்லாத வேறொரு பெயரால் அழைத்துக் குடிப்பார்கள் என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் முன்னறிவிப்புச் செய்திருப்பதை அபூதாவூத், இப்னு மாஜா ஆகிய நூல்களில் காண்கிறோம். இன்று புட்டிகளின் மேலுள்ள பெயர்களைப் படித்துப் பாருங்கள். அரசர்களின் பெயர், அதிகாரிகளின் பெயர், கௌரவத்தின் பெயர், பழங்களின் பெயர். அறிவை மயக்கும் பொருள் என்று எந்தப் புட்டியும் தன்னைப் பெயரிட்டு அழைத்துக் கொள்வதில்லை.

ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்கள் மிம்பரில் நின்று இந்த முடிச்சை அவிழ்த்துக் காட்டினார்கள். மது திராட்சை, பேரீச்சை, தேன், கோதுமை, வாற்கோதுமை ஆகியவற்றிலிருந்து தயாரிக்கப்படுவதாகச் சொல்லி, அறிவை மறைப்பது எதுவோ அதுவே 'கம்ர்' என்று விளக்கினார்கள். புகாரியில் பதிவான செய்தி இது. 'கம்ர்' என்ற அரபுச் சொல்லின் வேரிலேயே மூடுதல், மறைத்தல் என்ற பொருள் இருக்கிறது. பெண்கள் தலையில் இடும் 'கிமார்' என்ற முந்தானைத் துணியும் அதே வேரிலிருந்து வந்த சொல்தான். உள்ளே இருக்கும் திரவம் அறிவை மூடுகிறது; வெளியே இருக்கும் உறை அந்த உண்மையை மூடுகிறது.

நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்குவது எளிது. புவிசார் குறியீடு பெற்ற பட்டு நெய்யும் ஊர் இது. நம்மில் பலருக்குத் தறியோடும் பாவோடும் சரிகையோடும் பழக்கம் உண்டு. சரிகை மின்னினால் மட்டும் போதும் என்று எந்த விவரமறிந்த வியாபாரியும் வாங்கிவிடுவதில்லை. இழையைச் சற்றே சுரண்டிப் பார்ப்பார். உள்ளே சிவந்த பட்டு நூல் தெரிகிறதா, மேலே வெள்ளிக் கம்பி சுற்றியிருக்கிறதா என்று கவனிப்பார். மின்னுவதெல்லாம் வெறும் பூச்சு என்று தெரிந்தால் தள்ளி வைப்பார். புடவையின் சரிகையைச் சுரண்டிப் பார்க்கும் நாம், பிள்ளையின் கண்முன் மின்னுவதையும் சுரண்டிக் காட்டக் கடமைப்பட்டவர்கள் அல்லவா?

மளிகைக் கடை வரை

நம் மாநிலத்தின் வரலாற்றைச் சிறிது நினைவுகூர்வோம். 1937 அக்டோபர் முதல் நாள் ராஜாஜி அவர்கள் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். 1948இல் அது சென்னை மாகாணம் முழுமைக்கும் விரிந்தது. நம் ஊரில் பிறந்த அறிஞர் அண்ணா அவர்கள் 1967 முதல் 1969 வரை முதலமைச்சராக இருந்தபோதும் மதுவிலக்கு நடைமுறையில் இருந்தது. 1971இல் அது தளர்த்தப்பட்டது, பின்னர் மீண்டும் வந்தது, மீண்டும் தளர்ந்தது. 1983இல் டாஸ்மாக் நிறுவனம் மொத்த விற்பனைக்காக உருவாக்கப்பட்டது. 2003 இறுதியில் சில்லறை விற்பனையும் அதன் கைக்கு வந்தது. 2023 ஜூன் மாதம் 500 கடைகள் மூடப்பட்ட பின்னரும் 4,829 கடைகள் எஞ்சியிருந்தன. 2023-24ஆம் ஆண்டில் இவற்றால் அரசுக்குக் கிடைத்த வருவாய் 45 ஆயிரம் கோடி ரூபாய்க்கும் அதிகம்.

"நம் மாநிலத்தில் மதுவுக்கென்று தனிக் கடை இருக்கிறதே! அரிசி, பருப்பு விற்கும் இடத்தில் அது இல்லையே!" என்று நாம் ஆறுதல் கொள்ளலாம். ஆறுதலுக்கு ஓரளவு காரணமும் உண்டு. ஆனால் அந்த வேலி எத்தனை இடங்களில் தேய்ந்து வருகிறது என்பதையும் பாருங்கள்.

முதலாவது, புட்டி வராத இடத்திற்கு அதன் பெயர் வந்துவிட்டது. மதுபான விளம்பரத்தைத் தொலைக்காட்சியில் காட்டச் சட்டம் தடை செய்கிறது. எனவே அதே பெயரில், அதே சின்னத்தில், அதே நிறத்தில் சோடாவும், குடிநீரும், இசைத் தட்டும் விளம்பரம் செய்யப்பட்டன. இத்தகைய மறைமுக விளம்பரங்களைத் தடை செய்து மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூன் மாதத்தில் வழிகாட்டு நெறிகளை வெளியிட வேண்டிய நிலை ஏற்பட்டது. தண்ணீர்ப் புட்டியில் அந்தச் சின்னத்தைப் பார்த்துப் பழகிய குழந்தைக்கு, பின்னொரு நாள் மதுப்புட்டியில் அதைக் காணும்போது அந்நியம் தோன்றுவதில்லை.

இரண்டாவது, பெரிய பல்பொருள் அங்காடிகளில் 'ஆல்கஹால் இல்லாத பீர்' என்று பச்சைப் புட்டியிலும் தகரக் குவளையிலும் வைக்கிறார்கள். மூடி அதே மூடி. நுரை அதே நுரை. இதைப் பற்றிச் சற்று நேரத்தில் விளக்குகிறேன்.

மூன்றாவது, வேலியையே எடுத்துவிடும் முயற்சிகள். 2022 ஜனவரியில் மகாராஷ்டிர அமைச்சரவை, ஆயிரம் சதுர அடிக்குக் குறையாத பல்பொருள் அங்காடிகளில் ஒயின் விற்க அனுமதிப்பதென்று முடிவெடுத்தது. திராட்சை விவசாயிகளின் நலன் அதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டது. அண்ணா ஹசாரே போன்றவர்கள் உண்ணாவிரதம் அறிவிக்கும் அளவுக்கு அது எதிர்ப்பைச் சந்தித்தது. கோதுமை மாவும் குழந்தையின் பால் பொடியும் வாங்கச் செல்லும் தாய், அதே தட்டுகளுக்கு நடுவே பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு ஒயின் புட்டிகளைக் கடந்து செல்வதை எண்ணிப் பாருங்கள். பாலோடும் மாவோடும் சேர்ந்து அதுவும் ஒரு பலசரக்காகிவிடுகிறது.

நான்காவது, அட்டைப் பாக்கெட். 2023இல் நம் மாநில அமைச்சர் ஒருவர், 90 மில்லி அளவில் டெட்ரா பாக்கெட்டில் மது விற்பது பற்றி அரசு ஆராய்ந்து வருவதாகத் தெரிவித்தபோது எதிர்ப்பு கிளம்பியது. அண்டை மாநிலமான கர்நாடகத்தில் இத்தகைய பாக்கெட்டுகள் விற்பனையில் உள்ளன. 2025 நவம்பரில் இரண்டு விஸ்கி நிறுவனங்களுக்கிடையே பெயர் தொடர்பான வழக்கு உச்சநீதிமன்றத்தில் விசாரணைக்கு வந்தபோது, அந்தப் பாக்கெட்டுகள் நீதிபதிகளின் முன் காட்டப்பட்டன. நீதியரசர்கள் சூர்ய காந்த், ஜாய்மால்யா பாக்சி ஆகியோர் அவற்றைக் கண்டு திடுக்கிட்டார்கள். பழச்சாறு போலிருக்கும் இதை மாணவர்கள் பள்ளிக்கும் கல்லூரிக்கும் கொண்டு சென்றால் யாருக்குத் தெரியும் என்ற கருத்தில் கவலை வெளியிட்டார்கள். அவர்கள் முன் வந்த வழக்கு பெயரைப் பற்றியது. அவர்களை அதிர வைத்ததோ உறை!

நம் உறவினர்கள் பிழைப்புக்காகச் சென்றிருக்கும் நாடுகளிலும் இந்தப் பிரச்சினை உண்டு. கோலாலம்பூர் மாநகராட்சி 2020 நவம்பரில் வெளியிட்ட விதிமுறையின்படி மளிகைக் கடைகளிலும், சிறு வசதிக் கடைகளிலும், சீன மருந்துக் கடைகளிலும் கடும் மதுவகைகளை விற்கத் தடை வந்தது. பீருக்கு மட்டும் நேர வரம்புடன் அனுமதி நீடித்தது. சிங்கப்பூரில் 2015ஆம் ஆண்டுச் சட்டம் இரவு பத்தரை மணிக்குப் பிறகு கடைகளில் மது விற்பதைத் தடுத்தது. அவை நம் மார்க்கச் சட்டத்தின் அடிப்படையில் போடப்பட்ட விதிகள் அல்ல. அன்றாடப் பொருளோடு மது கலந்து நிற்பதில் தீங்கு இருக்கிறது என்பதை அனுபவம் அவர்களுக்கும் உணர்த்தியிருக்கிறது.

பாத்திரங்களுக்கும் தடை வந்தது ஏன்?

அன்பர்களே! உறையைப் பற்றி நம் மார்க்கம் என்ன சொல்கிறது? இங்கே நம் அனைவருக்கும் படிப்பினை தரும் ஒரு நிகழ்ச்சி உண்டு.

அப்துல் கைஸ் கோத்திரத்தாரின் தூதுக்குழு மதீனாவுக்கு வந்தது. அவர்களுக்கு ஈமானையும் தொழுகையையும் ஜகாத்தையும் நோன்பையும் போதித்த பெருமானார் (ஸல்) அவர்கள், கூடவே நான்கு பாத்திரங்களையும் தடுத்தார்கள். சுரைக் குடுக்கை, பச்சை மெருகிட்ட சாடி, பேரீச்ச மரத்தின் அடிப்பாகத்தைக் குடைந்த கலம், கீல் பூசிய பாத்திரம் என்பன அவை. இந்தச் செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. இவை பழச்சாற்றை விரைவில் புளித்துப் போதையேறச் செய்யும் கலங்கள். பழைய குடிப்பழக்கத்தின் நினைவோடு பிணைந்தவையும்கூட. குடியை விட்ட நெஞ்சம் அந்தச் சாடியைக் கண்டாலே பழைய சுவையை நினைக்கும். எனவே ஊற்றிய திரவத்தோடு, ஊற்றி வைத்த கலமும் தடுக்கப்பட்டது.

பின்னர், மதுவின் மீதான வெறுப்பு உள்ளங்களில் வேரூன்றியபோது, அந்தப் பாத்திரங்களுக்கான தடையை நபி (ஸல்) அவர்கள் நீக்கினார்கள். பாத்திரம் எதையும் ஹலாலாக்குவதுமில்லை, ஹராமாக்குவதுமில்லை. போதை தரும் அனைத்தும் ஹராம் என்ற கருத்தில் அவர்கள் விளக்கமளித்ததாக புரைதா (ரலி) அறிவிக்கும் செய்தியை இமாம் முஸ்லிம் பதிவு செய்துள்ளார்கள்.

இந்த இரு கட்டங்களிலும் எத்தகைய ஞானம் நிறைந்திருக்கிறது பாருங்கள்! சட்டம் உள்ளிருப்பதைப் பார்க்கிறது. ஆனால் உள்ளம் இன்னும் உறுதிப்படாத காலத்தில், வெளியிலிருக்கும் பாத்திரம்கூட மனிதனை இழுத்துவிடும்; ஆகவே அதையும் தூர வைக்க வேண்டியிருந்தது. நாற்பது, ஐம்பது வயதைக் கடந்த நமக்கு அந்த இரண்டாவது கட்டம் பொருந்தலாம். பதினைந்து வயதுப் பிள்ளைக்கு எந்தக் கட்டம் பொருந்தும் என்பதை ஒவ்வொரு தந்தையும் சிந்திக்க வேண்டும்.

'ஆல்கஹால் இல்லாத பீர்' பற்றி இளைஞர்கள் கேட்கிறார்கள். நம் நாட்டின் உணவுப் பாதுகாப்பு விதிகள் 0.5 விழுக்காட்டுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால்தான் அதை மதுபானம் என்று வகைப்படுத்துகின்றன. எனவே முகப்பில் எழுதியிருப்பதை மட்டும் நம்பாமல் சேர்மானத்தைப் படியுங்கள். ஐயமிருந்தால் உலமாக்களிடம் காட்டித் தீர்ப்புப் பெறுங்கள். அதிகமாக அருந்தினால் போதை தருவதில் சிறிதளவும் ஹராம் என்பது அபூதாவூத், திர்மிதி ஆகிய நூல்களில் வந்துள்ள நபிமொழியின் கருத்து. சரி, அறவே போதையில்லாத பானமாகவே இருக்கட்டும். பீர்ப் புட்டியைப் போன்ற புட்டியைப் பிள்ளையின் கையில் கொடுத்து, பீர்க் குவளையைப் போல் உயர்த்திப் பிடிக்கச் சொல்லிப் படம் எடுப்பது எதற்குப் பயிற்சி? இளநீரும் நன்னாரியும் எலுமிச்சைச் சாறும் கிடைக்கும் ஊரில், அந்தப் பாத்திரத்தின் மீது நமக்கென்ன மோகம்?

எச்சரிக்கை எங்கே?

"புட்டியின் மேல் எச்சரிக்கை அச்சிட்டிருக்கிறார்களே!" என்பர் சிலர். உண்மைதான். 2018இல் வகுக்கப்பட்ட விதியின்படி, 2019 ஏப்ரல் முதல் நம் நாட்டு மதுப்புட்டிகளில் உடல்நலக் கேடு பற்றியும், குடித்துவிட்டு வாகனம் ஓட்டக் கூடாது என்பது பற்றியும் எச்சரிக்கை இருக்க வேண்டும். ஆனால் முகப்பில் சின்னம் எத்தனை பெரிது, ஓரத்தில் எச்சரிக்கை எத்தனை சிறிது! சிகரெட் பெட்டியைப் பாருங்கள். 2016 ஏப்ரல் முதல் அதன் முகப்பில் 85 விழுக்காடு இடத்தை எச்சரிக்கைப் படம் பிடித்துக் கொண்டது. ஆஸ்திரேலியா 2012 டிசம்பர் முதல் சிகரெட் பெட்டியின் நிறத்தையும் சின்னத்தையுமே பறித்துவிட்டது. ஆசை முதலில் கண்ணில் பிறக்கிறது என்பதைப் புகையிலை விஷயத்தில் உலகம் ஒப்புக்கொண்டுவிட்டது. மது விஷயத்தில் மட்டும் தயங்குகிறது.

உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, மதுபானத்தைப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் வகைப் பொருட்களில் 1988ஆம் ஆண்டிலேயே சேர்த்துவிட்டது. தீங்கற்ற அளவு என்று மதுவில் எதுவுமில்லை என்று அந்நிறுவனம் 2023 ஜனவரியில் அறிவித்தது. அயர்லாந்து நாடு 2023இல், புட்டியிலேயே புற்றுநோய் எச்சரிக்கையை அச்சிட வேண்டுமென்று விதி செய்தது. 2026இல் நடைமுறைக்கு வரவேண்டிய அவ்விதியும் 2028க்குத் தள்ளி வைக்கப்பட்டது. உண்மையை ஒரு வரியில் ஒட்டுவதற்குக்கூட எத்தனை தடைகள்!

புட்டி காலியான பிறகு அதன் நிலை என்ன? நீலகிரி மலையில் வீசியெறியப்பட்ட புட்டிகளின் கண்ணாடித் துண்டுகள் காட்டு விலங்குகளின் கால்களைக் கிழித்தன. சென்னை உயர்நீதிமன்றம் தலையிட்டதன் பேரில் 2022இல் அங்கே காலிப் புட்டியைத் திருப்பித் தருபவருக்குப் பத்து ரூபாய் கொடுக்கும் திட்டம் வந்தது; அந்தப் பத்து ரூபாயும் முன்னரே அவரிடம் வாங்கப்பட்டதுதான். காலிப் புட்டியைத் திரும்பப் பெற ஒரு வழி கண்டார்கள். அதைக் காலி செய்தவனின் மனைவிக்கும் மக்களுக்கும் போன மானத்தையும், அடகு வைத்த தாலியையும், நின்று போன படிப்பையும் திரும்பத் தருவதற்கு எந்தக் கடையில் திட்டம் இருக்கிறது?

பத்துப் பேர்

மது தொடர்பாகப் பத்துப் பேரை நபி (ஸல்) அவர்கள் சபித்தார்கள் என்று அனஸ் (ரலி) அறிவிக்கும் செய்தி திர்மிதியில் உள்ளது. பிழிபவர், பிழியச் சொல்பவர், குடிப்பவர், சுமந்து செல்பவர், யாரிடம் சுமந்து செல்லப்படுகிறதோ அவர், ஊற்றிக் கொடுப்பவர், விற்பவர், அதன் கிரயத்தை உண்பவர், வாங்குபவர், யாருக்காக வாங்கப்படுகிறதோ அவர் என்று அந்தப் பட்டியல் நீள்கிறது. குடிப்பவர் அந்தப் பத்தில் ஒருவர்தான். எஞ்சிய ஒன்பது இடங்களில் ஒரு சொட்டும் அருந்தாத ஒருவர் நின்றிருக்கக் கூடும்! "நான் குடிப்பதில்லை" என்ற ஒரு வார்த்தை முழுப் பாதுகாப்பாகாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

படம் வரையும் கலையும் கணினி வடிவமைப்பும் கற்ற நம் பிள்ளைகள் இன்று பெருநகரங்களில் விளம்பர நிறுவனங்களில் பணிபுரிகிறார்கள். அயல்நாட்டு அங்காடிகளில் தட்டு அடுக்குகிறார்கள், கல்லாவில் அமர்கிறார்கள். மதுவுக்கு அழகிய உறை வரைந்து தரும்படி கேட்கப்பட்டால் என்ன செய்வது, அதை எடுத்து வைக்கும்படி மேலாளர் சொன்னால் என்ன செய்வது என்ற கேள்வி அவர்களுக்கு வரும். வேலையில் சேரும் முன்பே இதைக் கேட்டறியுங்கள். வேறு பிரிவுக்கு மாற்றித் தருமாறு பணிவோடு கேளுங்கள். குடும்பத்தின் நெருக்கடியும் கடனும் உள்ளவர் தம் நிலையை ஓர் ஆலிமிடம் மனம் திறந்து சொல்லி வழிகாட்டுதல் பெறட்டும். நன்மையிலும் இறையச்சத்திலும் ஒத்துழைக்க வேண்டும், பாவத்திலும் வரம்பு மீறலிலும் ஒத்துழைக்கலாகாது என்பது அல்மாயிதா அத்தியாயத்தின் 2ஆம் வசனம் தரும் கட்டளை.

இகழாதீர்கள்

இத்தனையும் சொன்ன பிறகு ஓர் எச்சரிக்கையும் அவசியமாகிறது. குடிக்காதவனுக்கு ஷைத்தான் வைக்கும் வலை, பெருமை. தெருவில் விழுந்து கிடப்பவனைப் பார்த்து முகம் சுளித்து, "நான் அவனைப் போலல்ல" என்று நெஞ்சை நிமிர்த்திச் செல்வது அந்த வலையில் விழுவதாகும்.

நபி (ஸல்) அவர்களின் காலத்தில் அப்துல்லாஹ் என்றொருவர் இருந்தார். அவர்களைச் சிரிக்க வைப்பவர்; ஆனால் குடிப்பழக்கத்திலிருந்து மீள முடியாமல் பலமுறை தண்டனை பெற்றவர். அவரை ஒருவர் சபித்தபோது பெருமானார் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அவர் அல்லாஹ்வையும் அவனுடைய தூதரையும் நேசிப்பவர் என்று சாட்சி சொன்னார்கள். மற்றொரு சந்தர்ப்பத்தில், உங்கள் சகோதரருக்கு எதிராக ஷைத்தானுக்கு உதவி செய்யாதீர்கள் என்ற கருத்தில் அறிவுறுத்தினார்கள். இவ்விரு செய்திகளும் புகாரியில் உள்ளன. பாவத்தின் உறையை வெறுப்போம். பாவத்தில் சிக்கியவரின் கையைப் பிடிப்போம். தறியில் நாள் முழுதும் குனிந்து முதுகு நொந்த தொழிலாளி, வலி மறக்கும் என்று நம்பி ஆரம்பித்துச் சிக்கியிருக்கலாம். அவர் நம் அண்டை வீட்டார். எந்தச் சமயத்தைச் சேர்ந்தவரானாலும் அண்டை வீட்டாரின் உரிமை அவருக்கு உண்டு. குடிநோய்க்கு மருத்துவம் இருக்கிறது. அவரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல ஒரு நாள் கூலியை விட்டுக்கொடுக்கும் இளைஞர்கள் நம் ஜமாஅத்தில் எழ வேண்டும்.

வீட்டில் செய்ய வேண்டியவை

இறுதியாக, நம் இல்லங்களுக்குச் சில வேண்டுகோள்கள்.

முதலாவதாக, பிள்ளைகளிடம் பேசுங்கள். கடையைக் கடக்கும்போது "அங்கே பார்க்காதே" என்று கையை இழுத்தால் மட்டும் போதாது. பார்க்காதே என்றால் பிள்ளை திரும்பிப் பார்க்கும். "அது ஏன் அவ்வளவு பளபளக்கிறது தெரியுமா? உள்ளே இருப்பது அழகில்லாததால்" என்று சொல்லிக் கொடுங்கள். விளம்பரத்தைப் படிக்கத் தெரிந்த பிள்ளை விளம்பரத்துக்கு மயங்குவது குறைவு.

இரண்டாவதாக, வீட்டிற்குள் எதுவும் வேறு வேடத்தில் நுழையாதிருக்கட்டும். மதுச் சின்னம் பதித்த பனியன், சாவிக்கொத்து, குவளை, அழகுக்காக அலமாரியில் வைத்து மணிச்செடி வளர்க்கும் வெளிநாட்டுப் புட்டி ஆகியவற்றை அகற்றுங்கள்.

மூன்றாவதாக, விருந்துகள். அல்லாஹ்வையும் மறுமை நாளையும் நம்பியவர் மது பரிமாறப்படும் விரிப்பில் அமர வேண்டாம் என்ற கருத்துள்ள நபிமொழி திர்மிதியில் இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளுக்கும் சென்னை அலுவலகங்களுக்கும் செல்லும் நம் வாலிபர்களுக்கு இந்தச் சோதனை அடிக்கடி வருகிறது. "நான் பழச்சாறு குடித்துக்கொண்டு அருகில் உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான்" என்பது முதல் படி. முகம் முறிக்காமல், நண்பர்களின் மனம் நோகாமல், எழுந்து வரும் துணிவை அவர்களுக்குக் கற்றுக் கொடுங்கள்.

நான்காவதாக, குடிமக்கள் என்ற முறையில் நம் குரல். நம் அரசியல் சாசனத்தின் 47ஆம் பிரிவு, உடல்நலத்துக்குக் கேடான போதைப் பொருட்களை மருந்துக்கன்றி நுகர்வதைத் தடுக்க அரசு முயல வேண்டும் என்று வழிகாட்டுகிறது. பள்ளிக்கூடத்துக்கும் வழிபாட்டுத் தலத்துக்கும் அருகே கடை வந்தாலோ, பழச்சாறு போன்ற உறையில் மது வந்தாலோ, சட்டத்துக்கு உட்பட்டு மனு கொடுங்கள். கோயிலுக்குச் செல்லும் சகோதரரும், தேவாலயத்துக்குச் செல்லும் சகோதரரும் இதில் நம்மோடு கையொப்பமிடுவார்கள். அவர்களுடைய வீட்டுப் பிள்ளைகளுக்கும் கண்கள் இருக்கின்றன.

சகோதரர்களே! மதுவைத் தடை செய்யும் அல்மாயிதா அத்தியாயத்தின் 90, 91ஆம் வசனங்கள் இறங்கிய நாளை நினைத்துப் பாருங்கள். அபூதல்ஹா (ரலி) அவர்களின் வீட்டில் தோழர்கள் கூடியிருக்கிறார்கள். இளைஞரான அனஸ் (ரலி) ஊற்றிக் கொடுக்கிறார். தடை வந்துவிட்டது என்ற செய்தி எட்டுகிறது. இன்னும் ஒரு மிடறு என்று யாரும் கேட்கவில்லை. ஊற்றி விடும்படியும் சாடிகளை உடைத்து விடும்படியும் அபூதல்ஹா (ரலி) சொல்கிறார்கள். அனஸ் (ரலி) எழுந்து உடைக்கிறார். மதீனாவின் தெருக்களில் மது ஓடுகிறது. அந்தச் சாடிகளும் ஒரு காலத்தில் அவர்கள் ஆசையோடு விலை கொடுத்து வாங்கியவைதாம். ஈமான் உள்ளே நிறைந்தபோது, வெளியே இருந்த கலம் வெறும் மண்ணாகத் தெரிந்தது.

நம் பிள்ளைகளின் கண்களுக்கும் அந்தப் பார்வை கிடைக்க வேண்டும்.

யா அல்லாஹ்! அழகாகக் காட்டப்படும் தீமையைத் தீமையாகக் காணும் கண்களை எங்களுக்கும் எங்கள் சந்ததியினருக்கும் தந்தருள்வாயாக! போதையில் சிக்கித் தவிக்கும் சகோதரர்களுக்கு மீட்சியையும், அவர்களுடைய மனைவி மக்களுக்கு ஆறுதலையும் தந்தருள்வாயாக! எங்கள் சம்பாத்தியத்தை ஹலாலாக்கி வைப்பாயாக! எங்கள் ஊரையும் நாட்டையும், அதில் வாழும் எல்லா மக்களையும் இத்தீங்கிலிருந்து காப்பாயாக! ஆமீன். யாரப்பல் ஆலமீன்.